மாங்காய்ப் பணமும் மாதச் செலவும்: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கான குடும்ப பட்ஜெட், முழுமையான வழிகாட்டி

ஒன்றாம் தேதி சம்பளம் வரும், அதை வாடகைக்கு, மளிகைக்கு, பள்ளிக்கு என்று பிரித்துக்கொள்ளலாம் என்பது ஒரே வருமானம் உள்ள வீட்டுக் கணக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரே வீட்டுக்குள் நான்கைந்து வழியாகப் பணம் வருகிறது. பால் சொசைட்டியில் வாரத்துக்கோ பதினைந்து நாளுக்கோ ஒரு முறை வரும். ஓசூர் கம்பெனிக்குப் போகும் பிள்ளையின் சம்பளம் மாதம் ஒரு முறை. பட்டுப்புழு வளர்த்தால் கூடு விற்கும்போதெல்லாம் ஒரு தொகை. மாந்தோப்புக் குத்தகை ஆண்டுக்கு ஒரு முறை. தக்காளிக்கும் சாமந்திக்கும் என்ன கிடைக்கும் என்று வண்டி மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும்வரை யாருக்கும் தெரியாது.

செலவும் அப்படித்தான். ஜூனில் பள்ளிக்கூடம், ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கல், அதையடுத்து முகூர்த்தங்கள், ஊர்த் திருவிழா. வரவு ஒரு தாளத்திலும் செலவு வேறு தாளத்திலும் போகும் வீட்டில் மாத பட்ஜெட்டிலிருந்து தொடங்கினால் மூன்றாவது மாதமே கணக்கு உடைந்துவிடும். முதலில் ஆண்டைக் கணக்குப் போட்டு, அதைப் பன்னிரண்டாக வெட்ட வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வேலையைத்தான் படிப்படியாகச் சொல்கிறது.

தொடங்கச் சரியான காலம் சித்திரை, வைகாசி. தோப்பு உள்ளவர்களுக்குக் கையில் பணம் இருக்கும் நேரம் அது. பள்ளி திறப்பதற்கு முன்பே ஆண்டுச் செலவுக்கென ஒரு தொகையை ஒதுக்கிவிட முடியும். தோப்பு இல்லாதவர்கள் தங்கள் பெரிய வரவு எந்த மாதமோ அந்த மாதம் தொடங்கலாம்.

முதல் வேலை: போன பன்னிரண்டு மாதத்தைத் திரட்டுதல்

நினைவிலிருந்து எழுதாதீர்கள். மளிகைக்கு மாதம் நாலாயிரம் ஆகிறது என்று சொல்லும் வீட்டில் ரசீதுகளைக் கூட்டினால் ஆறாயிரம் வருவது வழக்கம். காரணம், மாத மளிகை மட்டுமே நினைவில் நிற்கும். தினமும் முக்குக்கடையில் வாங்கும் ஷாம்பு பாக்கெட்டும் பிஸ்கட்டும் நிற்காது.

திரட்ட வேண்டியவை: வங்கிப் பாஸ்புக் எல்லாம், குறிப்பாக மானியப் பணம் வரும் கணக்கு, பால் சொசைட்டிச் சீட்டு, மகளிர் குழுப் பாஸ்புக், நகைக்கடன் சீட்டுகள், மின்கட்டண ரசீது, போனில் ஜிபே, போன்பேயின் பழைய கணக்கு, கல்யாண மொய் நோட்டு. வாரச் சந்தையில் கொடுப்பதெல்லாம் பெரும்பாலும் ரொக்கம், எங்கும் பதிவாகாது. அதற்கு மட்டும் நான்கு வாரம் எழுதிப் பாருங்கள். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகும்போது எவ்வளவு எடுத்துப் போனோம், எவ்வளவு மீதி வந்தது என்ற இரண்டு எண்களே போதும். பொருள் பொருளாக எழுதத் தேவையில்லை.

நோட்டு எப்படி இருக்க வேண்டும் என்று புதிதாகக் கற்க வேண்டியதில்லை. 1989-இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியது தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரியும் 2004 வரை அந்த மாவட்டத்தின் பகுதி. அன்றிலிருந்து இங்கே எத்தனையோ பெண்கள் குழுவின் ரொக்கப் புத்தகத்தைப் பிழையில்லாமல் எழுதி வருகிறார்கள். தொடக்க இருப்பு, வரவு, செலவு, இறுதி இருப்பு என்ற அதே நான்கு கட்டம் வீட்டுக்கும் போதும். இறுதி இருப்பு கையில் உள்ள பணத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்ற குழுவின் விதியும் அப்படியே பொருந்தும். நம் ஊர்ப் பெண்களிடம் இந்தத் திறமை ஏற்கெனவே இருக்கிறது. அதை வீட்டுப் பணத்தின்மேல் செலுத்த வீட்டார் வழிவிட வேண்டும்.

நிலத்துக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு

விவசாய வீடுகளில் பட்ஜெட் தோற்பதற்கு முதல் காரணம் இந்த இரண்டும் கலப்பதுதான். தக்காளி விற்ற பணத்தில் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வரும். அடுத்த நடவுக்கு நாற்றும் உரமும் கடனில் வரும். அல்லது மளிகைக்கு வைத்த பணம் மருந்தடிக்கப் போகும். இரண்டிலும் லாபமா நஷ்டமா என்று யாருக்கும் தெரியாமலே ஆண்டு ஓடிவிடும்.

நிலத்துக்கும் மாட்டுக்கும் தனி நோட்டு, முடிந்தால் தனி வங்கிக் கணக்கு. விற்ற பணம் முழுவதும் முதலில் அங்கே போகும். அதிலிருந்து அடுத்த பயிருக்கான செலவு, பயிர்க்கடன் தவணை, மாட்டுத் தீவனம் ஆகியவற்றைக் கழித்த பிறகு மீதிதான் வீட்டு வரவு.

பாலில் இது பளிச்சென்று தெரியும். இரண்டு மாடு, நாளுக்கு மொத்தம் 12 லிட்டர், வற்றும் காலம் போக ஆண்டுக்கு 300 நாள் கறவை என்று வைத்தால் 3,600 லிட்டர். லிட்டருக்கு ₹35 கிடைத்தால் ₹1,26,000. தவிடு, பிண்ணாக்கு, கலப்புத் தீவனம், சினை ஊசி, மருத்துவம் எல்லாம் சேர்த்து மாதம் ₹6,000 என்றால் ஆண்டுக்கு ₹72,000. மீதி ₹54,000, அதாவது மாதம் ₹4,500. சொசைட்டியில் வரும் பணம் முழுவதையும் வருமானம் என்று எண்ணும் வீடு இல்லாத ₹72,000-ஐச் செலவு செய்யத் திட்டம் போடுகிறது.

வரவை எழுதும் விதி

ஒவ்வொரு வரவுக்கும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா விதிகளும் ஒன்றையே சொல்கின்றன: குறைவாக எழுது.

கம்பெனிச் சம்பளம் என்றால் கைக்கு வரும் தொகை மட்டும். ஓவர்டைம் சேர்க்க வேண்டாம். மகனோ மகளோ ஓசூரிலோ பெங்களூரிலோ தனியே தங்கி வேலை பார்த்தால், அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் தொகை மட்டுமே வரவு. கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வாரக்கூலி வாங்குவார்கள். மாதத்துக்கு 26 நாள் என்று எழுதாமல் 20 நாள் என்று எழுதுங்கள். மழை, பண்டிகை, மேஸ்திரிக்கு வேலை இல்லாத நாள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

தோப்புக் குத்தகைக்கு, கடந்த மூன்று ஆண்டில் எது மிகக் குறைவோ அதை எழுதுங்கள். காய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறும். பெங்களூரா ரக மாங்காய்க்குக் கூழ் ஆலைகள் என்ன விலை வைக்கும் என்பதும் மாறும். வியாபாரி வாயால் சொன்ன தொகை வரவாகாது. முன்பணமாகக் கைக்கு வந்ததும், எழுத்தில் உள்ளதும்தான் கணக்கு.

தக்காளியைப் பூஜ்யம் என்று எழுதுங்கள். இது கடுமையாகத் தோன்றும். ஆனால் 2023 ஜூலையில் கடைகளில் கிலோ ₹100-ஐத் தாண்டிய அதே தக்காளிக்கு வேறு மாதங்களில் பறிகூலிகூடக் கிடைக்காமல் போவதை ராயக்கோட்டை, பாலக்கோடு மார்க்கெட்டுக்கு ஏற்றும் எவரும் அறிவார். அப்படிப்பட்ட பயிரை நம்பிப் பள்ளிக் கட்டணத்துக்கு வாக்குக் கொடுக்க முடியாது. லாபம் வந்தால் அது எங்கே போக வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

அரசிடமிருந்து வருவதையும் விடாமல் எழுத வேண்டும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் மாதம் ₹1,000 என்று தொடங்கியது; அதற்கான விண்ணப்ப முகாம்கள் தொடங்கிவைக்கப்பட்டது நம் தொப்பூரில்தான். பிஎம் கிசான் ஆண்டுக்கு ₹6,000, மூன்று தவணையாக. இவை சிறு தொகை என்று கைச்செலவில் கரைந்துவிடுகின்றன. இரண்டும் வரும் வீட்டுக்கு ஆண்டுக்கு ₹18,000 ஆகிறது.

ஆண்டுச் செலவுப் பட்டியல்

பெரும்பாலான வீடுகள் கடனில் விழுவது மாதச் செலவால் அல்ல. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வரும் செலவை எதிர்பாராத செலவு என்று நினைப்பதால்தான். தீபாவளி எதிர்பாராமல் வருவதில்லை. பள்ளிக் கட்டணமும் எதிர்பாராமல் வருவதில்லை.

ஒரு தாளில் சித்திரை முதல் பங்குனி வரை எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கு எதிரே அந்த மாதம் வரும் பெரிய செலவை எழுதுங்கள். ஆங்கில மாதத்தைவிட இது எளிது. பண்டிகை, முகூர்த்தம், விதைப்பு எல்லாம் தமிழ் மாதத்தோடுதான் மனதில் இருக்கின்றன. பள்ளி, வண்டிக் காப்பீடு, வீட்டு வரி ஆகியவற்றின் தேதியைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.

வீட்டு வரி பற்றி ஒரு விஷயம். ஓசூர் மாநகராட்சியிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகளிலும் உள்ளவர்கள் அரையாண்டு தொடங்கிய முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை கழியும். எப்படியும் கட்ட வேண்டிய பணம். அந்த மாதத்திலேயே பட்டியலில் போடுங்கள்.

மொய்யைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. மொய் வட்டியில்லாக் கடன். நம் வீட்டு விசேஷத்துக்கு வந்தது எல்லாம் திரும்பிப் போக வேண்டியது. மொய் நோட்டை எடுத்து, வரும் ஆண்டில் யார் யார் வீட்டில் கல்யாணம், காது குத்து, மஞ்சள் நீராட்டு நடக்கக்கூடும் என்று குறித்து, அவர்கள் நமக்குச் செய்ததற்கு எதிரே நாம் செய்ய வேண்டியதை எழுதுங்கள். ஆடியும் மார்கழியும் ஓய்வு. தையும் வைகாசியும் ஆவணியும் அடுத்தடுத்துப் பத்திரிகை வரும். உங்கள் வீட்டு விசேஷத்தில் வந்த மொய்ப் பணத்தில் பந்தல்காரர், சமையல்காரர் பாக்கியைத் தீர்த்தபின் மிஞ்சுவதை ஆண்டுக் கணக்கில் (ஆண்டுச் செலவுக்கென வைக்கும் தனி வங்கிக் கணக்கு) போட்டுவையுங்கள். அதை வேறு எதற்காவது எடுத்தால், அடுத்த சில ஆண்டுகளுக்கு மொய் எழுதவே கைமாற்று வாங்க நேரும்.

மாதமாக வெட்டுதல்: ஒரு மாதிரிக் கணக்கு

காவேரிப்பட்டணம் பக்கம் நான்கு பேர் கொண்ட ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். சொந்த வீடு, ஓர் ஏக்கர் மா, ஓர் ஏக்கர் தக்காளி, இரண்டு மாடு. மகன் ஓசூரில் வேலை, மகள் கல்லூரியில்.

வரவு: மகன் தருவது மாதம் ₹8,000, ஆண்டுக்கு ₹96,000. பாலில் மீதி ₹54,000. தோப்பு மூன்று ஆண்டில் ₹70,000, ₹40,000, ₹55,000 என்று போனது, எழுதுவது ₹40,000. தக்காளி பூஜ்யம். உரிமைத் தொகை ₹12,000. கிசான் ₹6,000. மொத்தம் ₹2,08,000.

ஆண்டுச் செலவு: கல்லூரிக் கட்டணம், புத்தகம், உடை ₹24,000, தீபாவளி ₹12,000, பொங்கலும் ஊர்த் திருவிழாவும் ₹10,000, மொய் ₹15,000, வண்டிக் காப்பீடும் சர்வீசும் ₹4,500, மருத்துவம் ₹9,000, வீட்டுப் பழுது, மோட்டார் ₹6,000, வரியும் காப்பீட்டுக் கட்டணமும் ₹2,500. கூட்டினால் ₹83,000. பன்னிரண்டால் வகுத்தால் ₹6,917. இதை ₹7,000 என்று வைப்போம்.

வரவை மாதமாக்கினால் ₹17,333. அதில் ₹7,000 போனால் கையில் ₹10,333. மாதச் செலவு: மளிகை ₹3,500, காய்கறியும் கறியும் ₹1,500, எரிவாயு ₹900, போன் ₹600, பெட்ரோல் ₹1,000, தண்ணீரும் மின்சாரமும் ₹400, மற்றவை ₹600. ஆக ₹8,500. மிச்சம் ₹1,800-க்கு மேல் கொஞ்சம்.

உங்கள் வீட்டு எண்கள் வேறாக இருக்கும். பார்க்க வேண்டியது அந்தக் கடைசி எண்ணைத்தான். இதே வீட்டுக்கு மாதம் ₹3,000 கடன் தவணை இருந்தால் மாதம் ₹1,200 துண்டு விழும். ஆண்டுக்கு ₹14,400. வருடா வருடம் ஏதோ ஒரு மாதத்தில் தோடோ சங்கிலியோ அடகுக்குப் போவதற்குக் காரணம் அந்த ₹14,400. பொங்கலுக்கு எடுத்த புடவை மேல் பழி போடுவார்கள்; உண்மையில் ஆண்டு தொடங்கும்போதே அந்தத் துண்டு கணக்கில் இருந்தது. தாளில் தெரிந்துவிட்டால், வரவைக் கூட்டவா, செலவைக் குறைக்கவா, கடனை மாற்றவா என்று முன்கூட்டியே பேசலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வீட்டில் மாதந்தோறும் நிச்சயமாக வருவது ₹8,000, ₹4,500, ₹1,000 சேர்த்து ₹13,500. மாதச் செலவும் மிச்சமும் ₹10,300. மாதம் ₹3,200 ஆண்டுக் கணக்குக்குப் போகும். பன்னிரண்டு மாதத்தில் ₹38,400. ஆண்டுச் செலவு ₹83,000 ஆயிற்றே? மாங்காய்ப் பணம் ₹40,000-மும் கிசான் ₹6,000-மும் முழுசாக அங்கே போனால்தான் ₹84,400 ஆகிக் கணக்கு நிற்கும். மாங்காய்ப் பணத்தில் நகை வாங்கிவிட்டால் ஜூனில் கல்லூரிக் கட்டணத்துக்கு அதே நகை அடகுக்குப் போகும். செய்கூலியும் சேதாரமும் வட்டியும் வீண்.

பணத்தை எங்கே வைப்பது

மூன்று இடம் வேண்டும். ஒன்று புழக்கக் கணக்கு: மாதம் ₹8,500 இதற்குள் மட்டும். ஜிபே, போன்பே இந்தக் கணக்கோடு மட்டுமே இணைந்திருக்க வேண்டும். இரண்டாவது ஆண்டுக் கணக்கு: பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் பெயரில் உள்ள ஜன்தன் கணக்கோ அஞ்சலகச் சேமிப்போ. இதை யுபிஐயோடு இணைக்காதீர்கள், ஏடிஎம் அட்டையைப் பையில் வைக்காதீர்கள். வங்கிக்குப் போய் எடுக்கும் சிரமம்தான் இதற்குப் பூட்டு. மூன்றாவது நிலக் கணக்கு.

ரொக்கத்திலேயே குடும்பம் நடத்துபவர்கள் நான்கு உறையில் வாரப் பணத்தைப் பிரித்து வைத்தால் போதும். எட்டாம் தேதி, பதினைந்தாம் தேதி என்று உறையைப் பிரிக்கும் நாளை எழுதிவிடுங்கள். ஒரு வார உறை நான்கு நாளில் தீர்ந்தால், அந்த வாரமே என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடன்: முதலில் எல்லாவற்றையும் ஒரே மொழிக்கு மாற்றுங்கள்

நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி, வாரம் ₹600 கட்டு, நூறு நாள் தண்டல், 9 விழுக்காடு என்று ஒவ்வொரு கடனும் ஒவ்வொரு மொழியில் பேசுகிறது. எல்லாவற்றையும் ஆண்டு விழுக்காட்டுக்கு மாற்றினால்தான் எது கொல்கிறது என்று தெரியும்.

நூற்றுக்கு மாதம் ₹1 என்றால் ஆண்டுக்கு 12 விழுக்காடு. ₹2 என்றால் 24. ₹5 என்றால் 60. ₹50,000 நகைக்கடனுக்கு ₹1 வட்டியில் ஆண்டுக்கு ₹6,000. ₹2 வட்டியில் ₹12,000. அதே நகை, அதே தொகை. அடகுக் கடையிலிருந்து வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ மாற்றினாலே வட்டி பாதியாகக் குறையக்கூடும்.

தண்டலைப் பாருங்கள். ₹10,000 கடனுக்கு ₹1,500 பிடித்துக்கொண்டு ₹8,500 கையில் தருவார்கள். நாள் ₹100 வீதம் நூறு நாள். வட்டி 15 விழுக்காடு என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு நாளும் அசல் குறைந்துகொண்டே போகிறது, காலமும் மூன்றேகால் மாதம்தான். சரியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 120 விழுக்காடு. தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி ஆகியவற்றைத் தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவும் கொடுக்கலாம்.

தீர்க்கும் வரிசை: தண்டலும் கந்துவும் முதலில், பிறகு தெரிந்தவரிடம் வாங்கிய மாத வட்டி, பிறகு வாரத் தவணைக் கடன், பிறகு அடகுக் கடை நகை, வங்கி நகைக்கடன், குழுவின் உள்கடன். எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தவணையைக் கட்டிவிட்டு, மிச்சத்தை வரிசையில் முதலில் இருப்பதன்மேல் கொட்டுங்கள். ஒரு விதிவிலக்கு கூட்டுறவுப் பயிர்க்கடன். கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. கெடு தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். அதன் கெடு தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

நகைச் சீட்டுகளிலும் தேதிதான் முக்கியம். ஒரு ஆண்டு முடிந்து வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைப்பது மீட்பு ஆகாது. ஏலத்துக்குப் போன நகைகளில் பல, வட்டி கட்டப் பணமில்லாமல் போனதல்ல, கெடு எப்போது என்று மறந்துபோனவை.

வாரம் வாரம் வீட்டு வாசலில் வசூலிக்கும் தனியார் குழுக் கடனையும் மகளிர் சுய உதவிக் குழுவையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. குழுவில் சேமிப்பு உங்களுடையது, வட்டியும் குழுவுக்கே திரும்புகிறது. தனியார் கடனில் ஒன்றை அடைக்க இன்னொன்று என்று மூன்று நான்கு கம்பெனியில் சிக்கிய வீடுகள் நிறைய. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வருமானம் ₹3 லட்சம் வரை உள்ள வீட்டுக்கு இத்தகைய கடன் கொடுக்கும்போது, அந்த வீட்டின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் கிடையாது. ஆனால் 50 என்பது கொடுப்பவருக்கான எல்லை. வாங்குபவருக்கு அது மிக அதிகம். மேலே பார்த்த வீட்டில் அது ₹8,600-ஐத் தாண்டும், சாப்பாட்டுக்கே இடமிருக்காது. நிலையற்ற வருமானம் உள்ள வீட்டில் தவணைகள் நிச்சய வரவில் ஐந்தில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும்.

சீட்டு

ஏலச் சீட்டு பதிவு செய்யப்பட்டதாக இருக்கட்டும். 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு எண் இருக்கும்; கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். நடத்துபவர் எடுக்கும் கமிஷன் அதிகபட்சம் 7 விழுக்காடு. முதல் சில மாதங்களிலேயே தள்ளுபடிக்கு ஏலம் கேட்டு எடுப்பவருக்குச் சீட்டு ஒரு கடன்தான், அதுவும் வட்டி அதிகமான கடன். கடைசிவரை காத்திருப்பவருக்குச் சேமிப்பு. எதற்காகச் சேர்கிறோம் என்று சேரும் முன்பே தீர்மானியுங்கள்.

பதிவில்லாத தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு பற்றி எங்கள் கருத்து கண்டிப்பானது: வேண்டாம். தெரிந்தவர், நல்லவர் என்பது பாதுகாப்பு ஆகாது. அதே ₹500-ஐ வங்கியில் பன்னிரண்டு மாதத் தொடர் வைப்பில் போட்டால் தீபாவளிக்கு வட்டியோடு வரும். வங்கி வைப்புக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் ₹5 லட்சம் வரை காப்பீடும் உண்டு.

கையிருப்பும் காப்பீடும்

மூன்று மாத வீட்டுச் செலவு தனியாக இருக்க வேண்டும். மாதிரி வீட்டுக்கு ₹25,500. மாதம் ₹1,000 போட்டால் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். இங்கேதான் தக்காளி வருகிறது: பூஜ்யம் என்று எழுதிய பயிரில் லாபம் வந்தால், அடுத்த நடவுக்கு ஒதுக்கியபின் முதலில் இந்தக் கையிருப்பு நிறையட்டும், பிறகு முதல் வரிசைக் கடன், அதற்குப் பிறகுதான் புதுப் பொருள். ஒரு நல்ல விலை போதும், இரண்டு ஆண்டு வேலை ஒரே பட்டத்தில் முடியும்.

காப்பீட்டில் மலிவானது பலருக்கும் ஏற்கெனவே கணக்கில் இருக்கும். பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு ஆண்டுக்கு ₹436. 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். இறந்தால் குடும்பத்துக்கு ₹2 லட்சம். பிரதமர் சுரக்ஷா விபத்துக் காப்பீடு ஆண்டுக்கு ₹20; விபத்தில் இறந்தால் ₹2 லட்சம்; 70 வயது வரை. இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாதக் கடைசியில் பணம் தானாகப் பிடிக்கப்படும். அன்று கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் காப்பீடு நின்றுபோகும், யாரும் வந்து சொல்லமாட்டார்கள். மே 20-க்குள் ₹500 அந்தக் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் காப்பீடு இருப்பது வீட்டில் இருவருக்காவது தெரிய வேண்டும். ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள் இருக்கும் குடும்பங்கள் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எடுத்துவைக்கலாம். ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை சிகிச்சை. நோய் வந்தபின் வருமானச் சான்றுக்கு அலைவது பெரும் துன்பம்.

ஓசூர்க் கம்பெனிகளில் வேலை மாறும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு கம்பெனியை விடும்போதும் பிஎஃப் பணத்தை எடுத்துவிடாதீர்கள். யுஏஎன் எனப்படும் பிஎஃப் எண் ஒருவருக்கு ஒன்றுதான். பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்துவிடலாம். பத்து ஆண்டுச் சேவை சேர்ந்தால்தான் ஓய்வூதிய உரிமை. எடுத்த ₹20,000 பைக் முன்பணத்தில் கரையும்.

பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் கணக்கு ஆண்டுக்கு ₹250-இலிருந்தே தொடங்கலாம். சிறு தொகையானாலும் கணக்கைத் திறந்து வையுங்கள்.

எதைக் குறைக்கலாம், எதைக் கூடாது

ரேஷனை முழுதாக வாங்குங்கள். துவரம்பருப்பும் பாமாயிலும் வெளிச்சந்தை விலையோடு ஒப்பிட்டால் மாதம் ஒரு நல்ல தொகை மிஞ்சும். அலுப்பில் விட்டுவிடும் வீடுகள் பல. வாரத்தில் சில நாள் இரவுக்கு ராகிக் களி, கூழ் என்பது செலவும் குறைவு, உடம்புக்கும் நல்லது. மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுக்கும் விலை ஏறும். அதனால் 480-ஐத் தொடும் வீடுகள் கணக்கெடுப்புக்கு முந்தைய வாரம் மீட்டரைப் பார்ப்பது நல்லது.

தண்ணீரில் கை வைக்காதீர்கள். நம் இரு மாவட்டங்களிலும் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையும் எலும்பு நோயும் அதனால்தான். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்ட அது இன்னும் கூடும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பிடியுங்கள். அது வராத நாளுக்குக் கேன் தண்ணீர்ச் செலவைப் பட்டியலில் வையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இது கட்டாயம்.

வாரம் பத்து நிமிடம், மாதம் ஒரு கூட்டம்

சந்தை முடிந்த அன்று இரவு நோட்டை எழுதுங்கள். தினமும் எழுத முயன்றால் நின்றுபோகும். மாதம் ஒரு முறை வீட்டில் எல்லோரும் உட்கார வேண்டும், சம்பாதிக்கும் பிள்ளையும் படிக்கும் பிள்ளையும் சேர்த்து. மூன்று கேள்வி: புழக்கக் கணக்கு தாண்டியதா? ஆண்டுக் கணக்குக்கு இந்த மாதத் தொகை போனதா? அடுத்த இரண்டு மாதத்தில் எந்தப் பெரிய செலவு, எந்தக் கெடு?

கணக்கு உடையும் இடங்கள்

முதல் மூன்று மாதம் எண்கள் தவறாகத்தான் இருக்கும். மளிகை தொடர்ந்து ₹4,200 ஆனால், அதை ₹4,200 என்றே திருத்தி, எங்கிருந்து ₹700 எடுப்பது என்று பாருங்கள். நடக்காத எண்ணை எழுதிவைத்துக் குற்ற உணர்வில் நோட்டை மூடுவதுதான் பெரிய தோல்வி.

ஆண்டுக் கணக்கிலிருந்து கைமாற்றாக எடுப்பது அடுத்தது. அவசரத்துக்கு எடுக்கலாம், ஆனால் எடுத்த தொகையும் திருப்பும் தேதியும் நோட்டில் வர வேண்டும். அடுத்த பால் பணத்தில் திருப்புவது வழக்கமாகட்டும்.

செலவுக்கென ஒருவருக்கும் தனிப்பணம் இல்லாத பட்ஜெட்டும் நிற்காது. வீட்டில் ஒவ்வொருவருக்கும், மாமியாருக்கும் சேர்த்து, கணக்குக் கேட்காத ₹100, ₹200 மாதம் ஒதுக்குங்கள். மேலே மாதிரியில் மற்றவை என்று போட்ட ₹600 அதற்குத்தான்.

கடைசியாக, மறைத்த கடன். கணவர் தெரியாமல் வாங்கிய தண்டலோ மனைவி தெரியாமல் போட்ட வாரக் கடனோ ஒன்று இருந்தால், மேலே எழுதிய எந்த எண்ணும் சரியாகாது. முதல் கூட்டத்திலேயே இருவரும் தங்கள் கடன்களைச் சொல்லட்டும், கேட்பவர் சத்தம் போடாமல் எழுதிக்கொள்ளட்டும். தொகை, வட்டி, யாரிடம், எப்போது கெடு என்ற நான்கு விவரம் மட்டும் கேளுங்கள். ஏன் வாங்கினாய் என்ற கேள்வியை அன்று கேட்க வேண்டாம்.